பொருந்தாத கொடி

ஹான்காக் ஊர்ப் பனிச்சறுக்கு அரங்கில் துப்பாக்கிச் சந்தை கூடியிருந்தது. கணவனை இழந்த ஒருத்தி போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு மேசை மேசையாக அலைந்தாள். ஒரு வியாபாரி அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, இருநூறு டாலர் என்றான். அவள் தலையாட்டப் போன நேரத்தில், பக்கத்து மேசையிலிருந்து ஆர்விட் கங்காஸ் எழுந்து போய் அவள் கையில் ஒரு கோப்பைக் காபியைக் கொடுத்தார். கோப்பைக்கு அடியில் ஒரு சீட்டு. ‘இன்றைக்கு விற்காதே, அம்மா. இது அதைப்போலப் பத்து மடங்கு பெறும்’ என்று அதில் எழுதியிருந்தது. திரும்பி வந்தவர் ஒன்றும் நடக்காதவர்போலத் தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சீட்டு எழுதியதைப் பார்த்த ஒரே ஆள் அவருடைய நெடுநாள் சிநேகிதர் ரெய்னோ மட்டிலா.

ஆர்விட் முப்பத்தோரு வருஷம் பனியிலும் சேற்றிலும் தபால் கொண்டுபோனவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் தூரத்து டுலூத் நகரத்தில். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கிகள், அதிலும் ஒரு குண்டு போனதும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும் வகை, அதிலும் இரும்பில் மானும் மரமும் செதுக்கியவை. பதினோரு துப்பாக்கிகள் வைத்திருந்தார். ஒன்றையும் காட்டுக்குள் கொண்டுபோனதில்லை. வேட்டைக்கென்று கீறலும் பள்ளமுமான வேறொரு துப்பாக்கி இருந்தது. செதுக்கியவன் பேர் தெரியாவிட்டாலும் கையைத் தெரியும் அவருக்கு. “இவனுக்குக் காது வராது, பாரு. இவன் செதுக்கின மானுக்கெல்லாம் கன்னுக்குட்டிக் காது” என்பார்.

அந்தப் பைத்தியம் ரெய்னோவுக்கும் ஒட்டிக்கொண்டது. அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஆர்விட்டிடம் இருந்த ஒன்றுக்கு அது இரட்டைப் பிள்ளை. அதே வகை, அதே வேலைப்பாடு, நடுவில் திருகினால் உடல் வேறு குழல் வேறாகக் கழன்றுவிடும். உடலில் செதுக்கத் தொடங்கிய கொடி ஒன்று இணைப்பைத் தாண்டிக் குழலில் படரும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இருவரும் ரெய்னோ வீட்டுச் சௌனாவில் ஆவிக் குளியல் முடித்து, சமையலறை மேசையில் இரண்டையும் கழற்றி எண்ணெய் போட்டார்கள். யாருடைய கலைமானுக்குக் கொம்பு அழகு என்று சண்டை. ரெய்னோவின் மனைவி ஐலி காபியோடு வந்து, “எடுங்க கிழவங்களா உங்க இரும்பை” என்று விரட்டினாள். காபி குடித்துத் துப்பாக்கிகளைப் பூட்டிக்கொண்டு பிரிந்தார்கள்.

மான் வேட்டைக்கு இரண்டு நாள் முன்பு, ஜன்னல் வெளிச்சத்தில் ரெய்னோ தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். கொடி பொருந்தவில்லை. உடலில் வந்த தண்டும் குழலில் போன தண்டும் ஒரு மயிரிழை விலகி நின்றன. இரண்டிலும் ஒன்றாகவே பொறித்திருக்க வேண்டிய எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உடலில் ஓர் எண், குழலில் வேறு எண். தன் குழலின் கருநீல மெருகு எங்கே? இந்தக் குழலின் முனையில் துருப்புள்ளி.

“ஐலி! ஆர்விட் என் குழலை மாத்திட்டான்.”

“ஆர்விட்டா? போய் அவனையே கேளேன்.”

“கேட்டா உஷாராயிடுவான்.”

அது பாதி உண்மைதான். கேட்டு, ஆர்விட் முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிட்டால், நாற்பது வருஷச் சிநேகம் அன்றோடு போயிற்று. கேட்காதவரை அது பாதியாவது மிச்சம்.

சந்தேகம் வந்த வீட்டில் எல்லாமே சாட்சி சொல்லும். ஆர்விட் தன் கண்ணாடி அலமாரிக்குத் திரை போட்டார். ஏன் போட வேண்டும்? இரண்டு தடவை, “உன் துப்பாக்கியைக் கொஞ்சம் காட்டேன்டா” என்றார். எதற்காம்? அடுத்து உடலையும் மாற்றவா? “அலமாரிச் சாவி தொலைஞ்சுபோச்சு” என்று ரெய்னோ சமாளித்தார். சாவி அவர் சட்டைப்பையில் கனத்தது. துப்பாக்கியைக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். அந்த விதவைக்குக் கொடுத்த சீட்டைக்கூட விடவில்லை அவர் மனசு. சந்தையில் தடுத்துவிட்டு, பிறகு அவள் வீட்டுக்குப் போய் இவனே மலிவாக வாங்கியிருந்தால்?

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். யார்மேல் கசப்பு இருக்கிறதோ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு ரெய்னோ எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மூன்று வரிசைக்கு முன்னால் ஆர்விட்டும் உட்கார்ந்தே இருந்தார். “பார்த்தியா, மனசு குத்துது அவனுக்கு” என்று ஐலியிடம் கிசுகிசுத்தார்.

“உனக்கு என்ன குத்துதாம்?” என்றாள் ஐலி.

கர்த்தர் பொறுமையுள்ளவர். பனி உருகும்வரை காத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, ஆலயத்தில் மேலங்கி மாட்டும் சின்ன அறையில் ஆர்விட் வந்து ரெய்னோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “என்னை மன்னிச்சிடுடா.”

அகப்பட்டான் என்று துள்ளியது ரெய்னோவின் நெஞ்சு. “எதுக்கு? வாயால சொல்லு.”

“குளிர்காலம் பூரா உன்னைத் திருடன்னு நெனச்சிட்டேன்.”

“என்னையா?”

“என் குழலை நீ மாத்திட்டேன்னு. உள்ள கண்ணாடி மாதிரி மின்னும்டா என்னுது. இப்ப இருக்கறதுக்குள்ள எட்டிப் பார்த்தா புகைபோக்கி.”

“புகைபோக்கியா? வெளியில அந்த மெருகைப் பார்த்தியா நீ? எங்கிட்ட இருக்கறதுல முனையெல்லாம் துரு!”

“வெளியில யாருடா பார்க்கறான்?”

“உள்ள யாருடா பார்க்கறான்?”

போதகர் தலையை நீட்டினார். “சகோதரர்களே, மன்னிப்பா, சண்டையா?”

“ரெண்டும்தான்” என்றார் ஆர்விட்.

பின்னாலேயே வந்த ஐலி இடுப்பில் கை வைத்தாள். “மேசை துடைக்க ரெண்டு குழலையும் அடுப்போரம் சாத்தி வெச்சது நான். திருப்பி எடுத்தது யாரு?”

ரெய்னோவுக்கு ஞாபகம் வந்தது. ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் கை நீட்டி ஒரு குழலை எடுத்தவர் அவர்தான். மிச்சமிருந்ததை ஆர்விட் எடுத்தார். ஐந்து மாதம் தேடிய திருடன் ரெய்னோவின் மேலங்கிக்குள்ளேயே நின்றிருந்தான்.

“நான்தான் மாத்தி எடுத்தேன்” என்றார் அவர். “எனக்கு மன்னிப்பு உண்டாடா?”

ஆர்விட் அவர் பிடரியில் கை வைத்து, தங்கள் சபையார் சொல்கிற அந்த வார்த்தைகளைச் சொன்னார். “இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டதுன்னு விசுவாசி.” பிறகு ரெய்னோவும் அவருக்கு அதையே சொன்னார். இருவரும் சேர்ந்து திருவிருந்துக்குப் போனார்கள்.

மறுநாள் அதே மேசையில் குழல்கள் இடம் மாறின. திருகி இறுக்கியதும் தண்டோடு தண்டு சேர்ந்துகொண்டது. இருந்தும் ஆர்விட் பூதக்கண்ணாடி வைத்து எண்ணை இரண்டு தரம் சரிபார்த்தார். ரெய்னோ மூன்று தரம்.

ஜூனில் ஆர்விட்டின் இருதயம் தகராறு செய்தது. மகள் வந்து டுலூத்துக்குக் கூட்டிப்போனாள். இலையுதிர் காலத்தில் அங்கேயே கண்ணை மூடினார். ஜூனில் அவரை ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்ட அன்று ரெய்னோ கார் ஜன்னலோரம் நின்று, கதவைத் தடவிக்கொண்டிருந்தார். ஆர்விட் கண்ணாடியை இறக்கினார்.

“ரெய்னோ, குளிர்காலம் பூரா திருடன்னு நெனச்சி தெனமும் உனக்காக ஜெபம் பண்ணினேன்டா. இனிமே யோக்கியன்னு தெரிஞ்சும் பண்ணணும். அதான் கஷ்டம்.”