ஒரு மணிக்கு வரும் சூடு

கரண்ட் பில்லைக் குறைக்க நகரசபை நூலகங்களில் மேசை போட்டு உதவி செய்கிறது என்ற அறிவித்தலை எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள மவுண்ட் ரோஸ்கில் நூலகத்தில்தான் முதலில் கண்டேன். கண்டதும் வேறு எதையோ தேடுகிறவள் போல நகர்ந்துவிட்டேன். அந்த நூலகத்தில் எந்தப் புத்தக அலுமாரிக்குப் பின்னாலும் ஒரு தமிழ் முகம் இருக்கும். உதவி மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பதை ஒருவர் கண்டால் போதும், வெள்ளிக்கிழமைப் பூசை முடிவதற்குள் எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று கதை வளர்ந்திருக்கும்.

அப்போது பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்குள்ள நூலகத்திலும் அதே உதவி மேசை இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை என்ற தைரியத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, தமிழ்தானே? தமிழ்லயே பேசலாம், பரவாயில்ல" என்றாள். மலேசியப் பிள்ளை. ஒளிந்துகொள்ள ஊரின் மறுகோடிக்கு வந்தும் தப்ப முடியவில்லை.

அவளோ எதையும் பெரிதுபடுத்தவில்லை. நாங்கள் கட்டுவதைவிடக் குறைந்த கட்டணத்தில் ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தாள். அதில் தினமும் ஒரு மணித்தியாலம் மின்சாரம் இலவசம். எந்த நேரம் வேண்டும் என்று கேட்டாள்.

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"என்ர மாமா மட்டும்தான்."

"அப்ப ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் எடுத்துக்குங்க. மத்த நேரத்துக்கும் கட்டணம் கம்மிதான். மிச்சமாகறதுல பெரியவருக்குக் கூடக் கொஞ்ச நேரம் ஹீட்டர் போட்டு விடுங்க, ஆன்ட்டி."

எழுந்து ஓடினால் போதும் என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஏவன்டேலில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து மாமாவிடம் அந்த இலவச மணித்தியாலத்தை மட்டும் சொன்னேன். மாமா என் கணவரின் தகப்பன். மாமி இறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருந்தார். அந்தக் காலத்தில் ஸ்டேசன் மாஸ்டர். நேரம் என்றால் அவருக்கு நேரம்தான். மறுநாளிலிருந்து ஒரு மணி அடித்ததும் சோறு, உடுப்புத் தோய்ப்பது, ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஆரம்பமாகும். இரண்டுக்கு எல்லாம் நிற்கும். வீட்டுக்கு இப்படி ஒருவர் வேண்டும் என்று நானும் கணவரும் பெருமைப்பட்டோம்.

நான் மறைத்து வைத்ததை அவர் கோயிலில் தண்டோரா போட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. தனக்குக் கிடைத்த நல்லதைத் தனியே அனுபவிக்கத் தெரியாத மனிதர்.

இங்கே ஜூலைதான் கடுங்குளிர். அந்த மாதத்தில் ஒருநாள் தலையிடி என்று வேலையிலிருந்து முன்னதாகவே வந்தேன். வீட்டு வாசலில் வரிசையாகச் செருப்பும் சப்பாத்தும். எங்கள் சனத்தின் வீட்டு வாசலில் வேலைநாள் மத்தியானத்தில் அத்தனை சப்பாத்துக் கிடந்தால் என்ன அர்த்தம்? மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

முகத்தில் சூடு அடித்தது. ஹீட்டரைச் சுற்றி வயதானவர்கள் ஏழெட்டுப் பேர். கதிரைகளின் முதுகில் யார் யாருடையவோ ஈர உடுப்புகள். குசினியில் யாரோ கொண்டுவந்த கிரைண்டரில் உழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. மாமா தேநீர்க் கோப்பைகளோடு நடுவில் நின்றார். சோபாவின் கிழிசலை மறைக்க நான் விரித்த துணி நழுவி, உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர், எங்கள் சனத்தில் வசதியான ஒரு இரண்டு மாடி வீட்டுக்காரரின் தாய். கோயிலில் அவர் கண்ணில் படும்போது மட்டும் நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். அவர் என் கணவரின் காலுறையைப் போட்டிருந்தார்.

"வா பிள்ளை, தேத்தண்ணி குடி" என்றார் மாமா. "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு."

எனக்கு மானம் போய்விட்டது. அவரைக் குசினிக்குக் கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன மாமா இது? எங்கட வீட்டுக் கோலத்தை ஊர்ச்சனம் முழுக்கப் பாக்க வேணுமே?" என்றேன். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். சோபாவில் இருந்த அந்த அம்மா கோப்பையோடு வந்து குசினி வாசலில் நின்றார்.

"அவரை ஏசாதை, பிள்ளை. நாங்கள்தான் கேட்டு வந்தனாங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகேக்க ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டுப் போவினம். ஒரு ஆளுக்கெண்டு அவ்வளவு பெரிய வீட்டைச் சூடாக்கேலாதுதானே."

அவர் குறை சொல்லவில்லை, நியாயம்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மருமகளை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டைப் பெரிதாகக் கட்டி என்ன, பெற்ற தாயைப் போன்றவளைக் குளிரில் போட்டுவிட்டுப் போகிறாளே என்று.

இரண்டு மணி. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹீட்டரை நிறுத்தினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. உடுப்புகளை மடித்து, கோட்டுகளை மாட்டிக்கொண்டு, அரைத்த மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலுறையை அந்த அம்மா மடித்துச் சோபாவில் வைத்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மாமா தன் கோட்டை எடுத்துப் போட்டார். கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்தார். முழங்காலில் போர்வையை விரித்து, கைகளை அதற்குள் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். தினமும் செய்து பழகிய கைகள். மாலையில் நான் வேலையால் வரும்போதெல்லாம் அவர் அப்படித்தான் இருப்பார். வயதானவர்களின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். காலை நாங்கள் போவதிலிருந்து ஒரு மணி வரை, இரண்டிலிருந்து நாங்கள் வரும்வரை, எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் மட்டும்தான்.

சற்றுமுன் திட்டிய மருமகள் நான்தான். அவமானம் தாங்காமல் போய் ஹீட்டரைப் போட்டேன்.

"பிள்ளை, ரெண்டு மணி கழிஞ்சிட்டுது."

"இருக்கட்டும் மாமா. இனி எந்த நேரமும் போடுங்கோ."

அவர் எழுந்து வந்து மெதுவாக அதை நிறுத்தினார்.

"நீ சனத்துக்கு முன்னால வெக்கப்பட்டது எனக்கு விளங்கினது" என்றார். "இனி ஒருத்தரையும் கூப்பிடமாட்டன். நாளைக்கு ஒரு மணிக்கு நான் மட்டும் போடுறன்."

அந்த வெட்கம் வேறு, இந்த வெட்கம் வேறு என்று சொல்ல வாய் வரவில்லை. ஹீட்டரை மறுபடியும் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றவில்லை.