நான் முழங்காலிடாத காலைகள்

நான் ஜெபிக்கவில்லை. ஜெபித்தேன் என்று சொன்னேன்.

ஒரு நாள் அல்ல, ஒரு குளிர்காலம் முழுவதும் சொன்னேன். கணவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இதை வாசிக்கும் நீங்கள் என்னை அறிந்தவராக இருந்தால், ‘கிரேஸ் அக்காவா!’ என்று திகைப்பீர்கள். ஆம்... அந்தக் கிரேஸ் அக்காதான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் குடியிருந்தோம். என் கணவர் ஜெயராஜ் தினமும் ரயிலேறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போவார். நான் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சி. பிறகு புளியோதரையும் கோழிக் குழம்பும். கூட்டத்தின் கடைசி ஜெபம் எப்போதும் என்னுடையது.

நான் ஜெபித்தால் அறையில் விசும்பல் கேட்கும். பாளையங்கோட்டையில் குடும்ப ஜெபம் தவறாத வீட்டில் வளர்ந்தவள். ஜெபத்தின் சொற்கள் எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும், வார்த்தைகள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். அனுதினமும் ஆண்டவரோடு தனித்திருக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்!

ஆனால் நான்? தனியாக முழங்காலிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. எப்போது நின்றது என்றுகூடச் சொல்லத் தெரியாது. வேலைக் களைப்பில் ஒரு காலை விட்டுப்போனது. வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் விட்டுப்போனது. சனிக்கிழமை வழக்கம்போல் ஜெபித்தேன், வழக்கம்போல் அழுதார்கள். தனி ஜெபம் இல்லாமலேயே எல்லாம் நடக்கிறதே என்று கண்டுகொண்ட நாள்தான் என் வீழ்ச்சியின் நாள்.

ரோஸ்லினுக்கு அது திருமணமாகி அமெரிக்கா வந்த மூன்றாவது குளிர்காலம். நாகர்கோவில் பெண். கார் ஓட்டத் தெரியாது. கையில் ஷீபா என்று ஒரு சின்னக் குழந்தை. கணவன் டேவிட், இஞ்சினியர். கூட்டங்களில் நாற்காலிகளை விரித்துப் போட்டு, முடிந்ததும் மடித்து வைத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிற பையன்.

அந்த ஜனவரியில் வேலையிலிருந்து திரும்பும்போது, உறைபனி படிந்த சாலையில் அவன் கார் சுழன்று ஒரு டிரக்கின் மேல் மோதியது. தலையில் அடி. நினைவு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு ஒத்தையில ஜெபிக்க வரலக்கா. வாயத் தொறந்தா அழுகதான் வருது. காலைல ஆறு மணிக்கு நான் என் வீட்ல முழங்கால் போடுறேன். அதே நேரத்துல நீங்க உங்க வீட்ல போடுவீங்களா? நான் ஃபோன்ல ஒரு ரிங் விட்டு கட் பண்றேன். நீங்களும் ஒரு ரிங் விடுங்க. நீங்க எந்திரிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சா எனக்குத் தைரியமா இருக்கும்.”

“இதெல்லாம் கேக்கணுமா ரோஸ்லின்? நான் தினமும் அஞ்சரைக்கே எந்திரிச்சு ஜெபத்துல உக்காந்துருவேனே!” என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

முதல் நாள் எழுந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மணி ஒலித்தது, நானும் திருப்பி ஒலிக்கவிட்டேன், கட்டிலோரம் முழங்காலிட்டேன். குளிர் தரை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லாத அந்த அறையில் என் அழகான சொற்கள் ஒன்றும் வரவில்லை. மெத்தையில் நெற்றியைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

மறுநாள் தொலைபேசியைக் கட்டிலருகே இழுத்து வைத்துக்கொண்டேன்.

மணி ஒலிக்கும். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி நானும் ஒரு முறை ஒலிக்கவிட்டு வைத்துவிடுவேன். கண்ணைத் திறக்காமலேயே அவள் எண்ணை அழுத்த என் விரல்கள் பழகிக்கொண்டன. பிறகு ஏழு மணி வரை தூக்கம்.

“யாரு இவ்வளவு காலைல?” என்று ஜெயராஜ் ஒருநாள் கேட்டார்.

“ரோஸ்லின். ப்ரேயருக்கு.”

“நீ எந்திரிக்கலையா?”

“படுத்துக்கிட்டே பண்றேன்.”

அவர் திரும்பிப் படுத்தார். நம்பினாரா? கேட்க எனக்குத் துணிவில்லை.

நான் அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். சமைத்துக் கொண்டுபோனேன். ஷீபாவை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பனியில் காரை ஓட்டி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவை எல்லாம் உண்மை. அந்த உண்மைகளை என் பொய்யின் மேல் போர்த்திக்கொண்டேன் என்பதும் உண்மை.

காரில் ஏறியதும் அவள் கேட்பாள்: “இன்னைக்கு என்னக்கா ஜெபிச்சீங்க?”

வண்டியை ஓட்டிக்கொண்டே நான் இட்டுக்கட்டிச் சொல்வேன். “டேவிட்டோட தலையில ஆண்டவர் கைய வைக்கணும்னு ஜெபிச்சேன்.” அவள் கண்ணை மூடி அதை உதடுகளால் திரும்பச் சொல்வாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவள் மிகவும் சோர்ந்திருந்தாள். “அக்கா, உங்களுக்கு ஏதாவது உறுதி கிடைச்சுதா?” என்று கேட்டாள்.

என்னால் அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை... இரக்கம் என்றுதான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரக்கமா அது? இல்லை! என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை! தினமும் ஆண்டவரோடு பேசுகிறவளுக்கு ஒரு பதில்கூடக் கிடைக்காதா?

“கிடைச்சிருக்கு ரோஸ்லின். டேவிட் கண்ணத் தொறப்பான்னு காலைல ஆண்டவர் உணர்த்தினார்.”

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் நடைபாதையில் நிறுத்தினார். நிலைமை மோசமாகிறது, இன்று அவர் பக்கத்திலேயே இருப்பது நல்லது என்று மென்மையாகச் சொன்னார். அந்தச் சொற்களின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் அல்லவா நான்!

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஆம், சிரித்தாள்.

“டாக்டருக்கு என்னக்கா தெரியும்? ஆண்டவர்தான் உங்ககிட்ட சொல்லிட்டாரே. பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்த பாப்பாவுக்குக் காய்ச்சலடிக்குது. வீட்டுக்குப் போய் அவளுக்கு மருந்து குடுத்துட்டு வந்துருவோம்.”

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘போகாதே, இரு. நான் சொன்னது என் கற்பனை. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

கார்ச் சாவியை எடுத்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது டேவிட்டின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்கார நர்ஸ். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக அவள் ரோஸ்லினிடம் சொன்னாள்.

நீங்கள் கேட்கலாம்: நீ ஜெபித்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா? இல்லை. நான் தூங்கினேன் என்பதற்காக ஒரு மனிதனின் உயிரை எடுக்கும் தேவனை நான் அறியேன். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. என் குற்றம் டேவிட்டின் மரணம் அல்ல. அந்த மரணத்தின் அருகே அவள் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பறித்தது என் குற்றம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒரு முறை ஒலித்து நின்றது.

நான் படுக்கையில் உறைந்துபோனேன். இன்னும் எதற்கு? கேட்டது கிடைக்கவில்லையே! யாருக்காக முழங்காலிடுகிறாய், பெண்ணே?

அப்போதுதான் விளங்கியது. பலனுக்காக மட்டும் ஜெபித்தவள் அல்ல அவள். இருட்டில் தன் தகப்பனிடம் போய் உட்கார்ந்திருந்தாள். கொடுத்தாலும் போவாள், எடுத்தாலும் போவாள். இத்தனை ஆண்டுகள் ஊருக்கெல்லாம் நான் போதித்ததை, எனக்கே தெரியாததை, அழுகையைத் தவிர வேறு ஜெபம் வராத அவள் செய்துகொண்டிருந்தாள்.

எழுந்தேன். ஒரு முறை ஒலிக்கவிட்டேன். முழங்காலிட்டேன். “ஆண்டவரே...” என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை. அந்த ஒரு சொல் உண்மையாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு காலையும் நான் தவறவிட்டதில்லை.

ஆகவே உறுதியாகவே சொல்கிறேன், கேளுங்கள். தினமும் ஜெபியுங்கள். வார்த்தை வராவிட்டாலும் போய் உட்காருங்கள். தனிமையில் தேவனுக்கு முன் நிற்காதவன் மனிதருக்கு முன் எதையும் பேசத் துணிவான், நான் துணிந்தேன். ‘உனக்காக ஜெபிக்கிறேன்’ என்று எவரிடமும் லேசாகச் சொல்லாதீர்கள். அதைக் கேட்கிறவர் தம் முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்துவிடுவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை ரோஸ்லின் சாட்சி சொல்ல எழுந்தாள். “கிரேஸ் அக்கா தினமும் என்கூட முழங்கால்ல நின்னாங்க. அதுதான் என்னைத் தாங்குச்சு” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைகுனிந்தேன். தாழ்மை என்று எண்ணிக்கொண்டார்கள்!

அந்தக் கோடையில் அவள் டெக்சஸில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். சாமான்களைக் கட்ட உதவப் போனேன். காலியான அறையில் ஷீபா ஒரு அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கே சொன்னேன். அனைத்தையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது.

“ஒரு நாள்கூட ஜெபிக்கலையாக்கா?”

“முதல் நாள் மட்டும். அப்புறம் அவன அடக்கம் பண்ணதுக்கு மறுநாள்லேர்ந்து.”

“அந்த உறுதி?”

“நானா சொன்னது.”

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றே சொல்லலாம். அவள் மிக மெதுவாகக் கேட்டாள்:

“அப்போ... அந்தக் காலைல எல்லாம் நான் தனியாவா இருந்தேன்?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ‘இல்லை ரோஸ்லின், ஆண்டவர் உன்னோடு இருந்தார்.’ அது சத்தியம். இன்றும் என் முழு இருதயத்தோடு அதை நம்புகிறேன். ஆனால் ஆண்டவர் பெயரால் எதையும் அவளிடம் சொல்லும் உரிமையை என் வாய் இழந்திருந்தது. அவள் பெட்டியை ஒட்டி முடித்தாள். “நீங்க கிளம்புங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்குறேன்” என்றாள்.

அதன்பின் அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. டெக்சஸிலிருந்து வருகிறவர்கள், ஷீபா பள்ளிக்குப் போகிறாள் என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இப்போது நான் கடைசி ஜெபம் செய்வதில்லை. காரணம் கேட்பவர்களிடம் தொண்டை சரியில்லை என்கிறேன்... பார்த்தீர்களா, இன்னும் ஒரு பொய்!

விடிவதற்குமுன் தினமும் முழங்காலிடுகிறேன். ரோஸ்லின் பெயரையும் குழந்தையின் பெயரையும் சொல்கிறேன். தேவன் மன்னித்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர். அவள் மன்னித்தாளா என்பது அவளுக்குத்தான் தெரியும், அதை நான் கேட்கப்போவதில்லை. ஆமென் சொல்லி எழுகிறேன். பாரமும் என்னோடு எழுகிறது.