கிட்டங்கிச் சுவரில் ஒரு முகம்

உலகச் சண்டை முடிந்து, சோப்பு மறுபடியும் கடைகளுக்குத் தாராளமாக வரத் தொடங்கிய வருஷம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், சரக்கு அடுக்கும் பெரிய கிட்டங்கி ஒன்றின் சுவரில் என் தாய்மாமா சோப்பு விளம்பரம் எழுதினார். தோணிகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவருக்கு அவ்வளவு பெரிய வேலை அதுதான் முதல். கம்பெனி ஏஜெண்டு கொடுத்த கையகலக் காகிதத்தைப் பார்த்து, குளிக்கிற பெண் ஒருத்தியை ஆளுயரத்துக்கு மேல் வரைந்தார். ஈரத் தலைமுடி, சிரித்த முகம், ஒரு தோள். அதற்குக் கீழே வெறும் நுரைதான். ஊர் நுரைக்குள்ளும் பார்த்தது.

பெண்கள் அந்த வழியாகப் போவதை விட்டார்கள். ஆண்கள் அந்த வழியாக மட்டுமே போனார்கள். ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் அதைக் கண்டித்துப் பிரசங்கம் வைத்தார். அதுவரை பார்க்காதவர்களும் பூசை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பயந்துபோன மாமா, தோளை மறைத்து ஒரு நீல ரவிக்கை தீட்டினார். ரவிக்கையோடு எவளாவது குளிப்பாளா, மறைக்கும்படி என்னவோ இருந்திருக்கிறது என்று பேச்சு இன்னும் வளர்ந்தது.

அந்த நாட்களில்தான் என் சித்தியைப் பெண் கேட்டுப் புன்னைக்காயலிலிருந்து வந்தார்கள். மாமாவுக்கும் அம்மாவுக்கும் கடைசித் தங்கை அவள். மாப்பிள்ளையின் தாயாருக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. எட்டு வயதான என்னைப் பக்கத்தில் இருத்தி, சித்தி உன்னிடம் பிரியமாக இருப்பாளா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பெரிய பெருமையைச் சொன்னேன்.

"கிட்டங்கிச் சுவத்துல இருக்கது எங்க சித்திதான்."

அம்மா சிரித்து மழுப்பப் பார்த்தாள். மாமா ஓடிப்போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்து நீட்டினார். அதிலிருந்தவள் ஏதோ வடக்கத்திப் பெண். மாப்பிள்ளையின் தாயார் அதைக் கையில் வாங்கவேயில்லை.

"சின்னப்புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். வைத்த காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் மாமாவே சுண்ணாம்பு கரைத்துச் சுவரை வெள்ளையடித்தார். ஆனாலும் பிறகு வந்த இரண்டு இடங்களும் ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. சித்தி கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் மடத்துக்குத் தையல் சொல்லிக் கொடுக்கப் போனவள், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அன்று வீட்டில் எல்லோரும் என்னை ஏசினார்கள். சித்தி ஏசவில்லை. என்னைப் புறவாசலுக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள்.

"ஏளா, அது நான்தான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சித்தி. அழகா இருந்திச்சு. அதான் நீன்னு நெனச்சேன்."

அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். முகம் தெரியவில்லை. உடம்பு குலுங்கியது மட்டும் தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.