கண்ணாடி அலுமாரியில் மூன்று போத்தல்கள்

ஜின் வாங்கத்தான் கல்முனைக்குப் போனேன். சாராயக் கடையின் கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் முதலில் வந்தேன் என்றேன்.

“பொம்புளைகளுக்கு விக்கேலா அக்கா. சட்டம் அப்படி. வீட்டில ஆம்பிளையள் ஆரையும் அனுப்புங்க.”

“குடிக்கப் போறது நான். ஆரை அனுப்புற?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். பாண்டிருப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் செய்தி என் தம்பியிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தாலியில், பலேர்மோவில் ஒரு குடும்பத்துக்குச் சமைத்தும் துடைத்தும்தான் இந்த வீட்டைக் கட்டினேன். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் மதுவோடு உட்காருவார்கள். போன புதிதிலேயே வீட்டுக்கார அம்மா எனக்கும் ஒன்றை நீட்டினார். கசந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கசப்பை நானே தேடினேன். பிறகு எல்லாருக்கும் கலக்கிக் கொடுப்பதும் என் கையில் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது மூன்று போத்தல் கொண்டுவந்தேன். தேசிக்காய்த் தோல் ஊறிய மஞ்சள் லிமொன்செல்லோ, வாதுமை மணக்கும் அமரெத்தோ, பிட்டர் என்கிற சிவப்புக் கசப்பு. முன் அறைக் கண்ணாடி அலுமாரியில், கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜின் கிடைக்காததால் பிட்டரைத் தோடம்பழச் சாற்றிலும் சோடாவிலும் ஊற்றினேன். அமரெத்தோவைத் தேசிப்புளியும் ஐஸும் சேர்த்து, ஜாம் போத்தலில் மூடிக் குலுக்கினேன். கொக்டெயில் என்றால் அவ்வளவுதான். சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிளாஸ், விறாந்தையில் உட்கார்ந்து.

மருதமுனையில் சாரி நெய்விக்கும் என் முஸ்லிம் சிநேகிதி சில சனிக்கிழமைகளில் வருவா. அவவுக்கென்று தனிக் கிளாஸ், தனிக் கரண்டி. தோடம்பழச் சாறு மட்டும். “எனக்கு இது ஹறாம் புள்ள. உங்கட போத்தல் உங்களோட, என்ட கிளாஸ் என்னோட” என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரேயே உட்கார்ந்து கதைப்பா.

தம்பியால் அப்படி இருக்க முடியவில்லை. நான் கல்முனையிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று பின்னேரமே வந்து நின்றான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டாக்கள் இஞ்சதான் வாறாங்க. அந்தப் போத்தலுகள எடுத்து உள்ளுக்கு வையுங்க.”

அவனுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீடு பெரிது என்பதால் இங்கே வைத்துப் பெண் காட்டுவதாக ஏற்பாடு.

“ஏன் எடுக்க? அண்டைக்கு நீ கிணத்தடியில சாராயம் வைக்க மாட்டியா?”

“அது ஆம்பிளையளுக்கு.”

“இது எனக்கு.”

நான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுமாரிக் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தும் வைத்தேன். வந்தவர்களில் ஆண்கள் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குப் போய் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் திரும்பி வரும்போது அலுமாரிக்கு முன்னால் நின்றார்.

“இது என்ன?”

“மருந்து ஐயா, இத்தாலி மருந்து” என்று தம்பி முந்திக்கொண்டான்.

“மருந்தில்ல ஐயா. மது. சனிக்கிழமையில நான் குடிக்கிற” என்றேன்.

அவர் அலுமாரியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“பொம்புளை குடிக்கிற வீட்டிலயா நாங்க பொண்ணெடுக்கிற?”

“உங்கட வாயில மணக்கிறது என்ன ஐயா?”

தேநீர் அப்படியே ஆறிக்கிடக்க எழும்பிப் போனார்கள். தம்பி என்னைப் பார்க்காமல் படலையைச் சாத்திவிட்டுப் போனான். தம்பியின் மகள், என் மருமகள், மட்டும் கட்டிய சாரியோடு நின்றாள். ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்க்கிற பிள்ளை; சத்தம் போட மாட்டாள்.

“பேசினது என்ட கலியாணம் மாமி. கதைச்சது நீங்களும் அப்பாவும் மட்டுந்தான். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

அவள் சொன்னது சரி. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தம்பியிடம் கேட்கவில்லை.

“அந்தப் பொடியன உனக்குப் பிடிச்சதா?”

“தகப்பன் அவ்வளவு சொல்லியும் வாய் திறக்காம இரிந்தவன எப்படிப் பிடிக்கும்?”

அதன் பிறகு கோயில் வீதியில் என் பெயர் ‘இத்தாலிக்காரி’ ஆயிற்று. தெரிந்த பெண்கள் சிலர் என்னைக் கண்டால் தேர்முட்டிப் பக்கமாக ஒதுங்கினார்கள். நான் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்று கும்பிட்டேன்.

காரைதீவிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தபோது தம்பி எனக்குச் சொல்லவில்லை. மருமகள்தான் போன் எடுத்து, “மாமி, நீங்க வரணும்” என்றாள். இருந்ததிலேயே சிவப்பான சாரியைக் கட்டிக்கொண்டு, தம்பி வீட்டு முன்வாசலால் போய் முன் வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தா. “நீங்கதானா அந்த இத்தாலி மாமி?”

தம்பி தரையைப் பார்த்தான்.

“ஓம், நான்தான்.”

அவ என் பக்கம் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு, மருமகளிடம் ஆஸ்பத்திரியில் எந்த வாட்டில் வேலை என்று விசாரிக்கத் தொடங்கினா. இந்த முறை அவளே பதில் சொன்னாள், பொடியனிடம் அவளே கேள்வியும் கேட்டாள். கலியாணம் நடந்தது.

தம்பி இன்னும் என்னோடு அளந்துதான் கதைக்கிறான். நானும் அளந்தே பதில் சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒழுங்கையால் போகிறவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வடிவாகத் தெரியட்டும் என்று விறாந்தை லைட்டைப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.