மேற்படி சொத்தை

கடலூர் நீதிமன்றத்தில் நகல் பிரிவு என்று ஒன்று உண்டு. தீர்ப்போ, டிக்ரியோ, பழைய பத்திரமோ, நகல் வேண்டுமென்று மனுப் போட்டவர்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கிற இடம். கொடுப்பதற்கு முன்னால் மூலத்தையும் நகலையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். படிக்கிறவன் நான். இருபத்தைந்து வருடமாகக் கண்ணும் வாயும்தான் என் பிழைப்பு. இரண்டில் வாய் போன ஐப்பசியில் கைவிட்டது.

அன்று ஒரு பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பு. "மேற்படி சொத்தை வாதியின் தகப்பனார் யாதொரு இடையூறும் இன்றி அனுபவித்து வந்தார்" என்று படித்துக்கொண்டிருந்தேன். 'சொத்தை' என்கிற இடத்தில் இடது மேல் கடைவாயில் சுருக்கென்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த பக்கத்திலும் மேற்படி சொத்தை. அதற்கு அடுத்த பக்கத்தில் நான்கு முறை மேற்படி சொத்தை. எதிரில் உட்கார்ந்து நகல் பார்க்கிற அம்மாள் என்னோடு பல வருடமாக வேலை பார்ப்பவர். விரலை எடுக்காமலேயே கேட்டார்.

"இன்னா சார், சொத்தைன்னு வரும்போது மட்டும் குரல் தழுதழுக்குது? உங்க சொத்தா?"

என்னுடையதுதான். மேலே இருக்கிறது, சொத்தையாக இருக்கிறது, அனுபவிப்பதும் நானேதான். யாதொரு இடையூறும் இன்றி என்றுதான் சொல்ல முடியவில்லை.

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வலித்தது கீழ்ப் பல்லாக இருந்தால் அன்று சாயங்காலமே போயிருப்பேன். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு. மற்றவர்களுக்கு அது பேச்சு. எங்கள் வீட்டில் அது நடந்தது. என் அப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த மேல் பல்லை ஒரு பல் டாக்டர் பிடுங்கினார். அடுத்த ஆறு மாதத்தில் அப்பாவுக்குப் பார்வை மங்கியது. வருடம் திரும்புவதற்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். நானும் சித்தப்பாவும் அந்த டாக்டரின் கிளினிக்குக்குப் போய், உட்கார்ந்திருந்த நோயாளிகள் முன்னால் கத்திவிட்டு வந்தோம். கத்தியதில் பெரும்பங்கு என்னுடையது. அப்போதே எனக்குக் குரல் நன்றாக இருக்கும்.

ஆகவே பல் போனால் சொல் போகும் என்பது ஊருக்குப் பழமொழி. எனக்குப் பல் போனால் கண் போகும், கண் போனால் வேலை போகும்.

என் மனைவிக்கு இந்த வாதம் செல்லவில்லை. அவளுக்கு மேல் பல் இரண்டு எடுத்தாயிற்று. இன்றும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள்.

"எனக்கு இன்னா ஆயிடுச்சு? போயி புடுங்கிக்கினு வாங்க. அந்தப் பல்ல வச்சிக்கினு ஊறுகாயா போடப் போறீங்க?"

"பொம்பளைங்களுக்கு நரம்பு ஓடுற வழி வேற" என்றேன். இதை நான் எங்கே படித்தேன் என்று அவள் கேட்டாள். எங்கும் படிக்கவில்லை, அந்த நிமிடத்தில் எனக்கே தோன்றியது.

கைவைத்தியம் ஆரம்பமாயிற்று. முதலில் கிராம்பு. பல்லுக்கடியில் அடக்கி வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். பக்கத்தில் வந்தவர்களெல்லாம் பிரியாணி எங்கே என்று கேட்டார்கள். பிறகு உப்புத் தண்ணீர். பிறகு கொய்யா இலைக் கஷாயம். பிறகு பெருங்காயத்தைப் பொடித்துப் பஞ்சில் வைத்தது. அப்புறம் பூண்டு. "ஒரு பல்லு வைங்க, ஒரு பல்லு போதும்" என்றாள் மனைவி. பல்லுக்கு மருந்தும் பல்லே என்கிற தமிழை வியந்துகொண்டே இரண்டு பல்லாக வைத்தேன். ஈறு வெந்துபோயிற்று. ஒவ்வொரு வைத்தியமும் அரை நாள் கேட்டது, அதாவது எனக்குக் கேட்டது போல இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது எனக்கு மட்டுமல்ல, நகல் பிரிவு முழுமைக்கும் தெரிந்தது. நான் அப்படிப் பார்த்துக்கொண்டேன்.

நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே காய்ந்த கண்டங்கத்திரிப் பழம்.

"நெருப்புல போட்டு, பொகைய வாயில வாங்குங்க சார். பல்லுல இருக்கிற பூச்சியெல்லாம் பொத்து பொத்துன்னு கீழ உழும். நீங்களே கண்ணால பாக்கலாம்."

கண்ணால் பார்க்கலாம் என்றதில் எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் சட்டியில் தணல் போட்டு, பழத்தைப் போட்டு, எண்ணெய் ஊற்றுகிற புனலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மூக்கை வாயில் வைத்துக்கொண்டு குந்தினேன். பக்கத்தில் பூச்சி விழுவதற்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பிடித்த அந்தப் புகையில் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. இருமி இருமிக் கிண்ணத்தில் துப்பினேன். துப்பியதில் பழுப்பாக, நீளமாக, சின்னதாக ஒன்று மிதந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். இருபத்தைந்து வருடம் மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டவன் குரலில், "பாத்தியா பூச்சிய!" என்றேன்.

அவள் அதை விரல் நுனியில் எடுத்து வெயிலில் பிடித்தாள்.

"சீரகம். காலையில ரசத்துல போட்டது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் நீதிமன்ற மதில் ஓரம் எருக்கஞ்செடியைப் பார்த்ததும், எருக்கம்பால் வைத்தால் பல் தானாக விழுந்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. தானாக விழுவதும் பிடுங்குவதும் சட்டப்படி ஒன்றல்ல என்று என் மூளை வாதாடியது. தானாக விழுந்தால் நரம்பு கோபித்துக்கொள்ளாது. ஒரு சொட்டுதான் வைத்தேன். பல் அசையவில்லை. கன்னத்தின் உட்புறம் பொசுங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் வேறு யாரோ இருந்தார்கள்.

அன்று நான் படித்ததில் 'பிரதிவாதி' என்பது 'பிதாதி' என்றும் 'ஷெடியூல்' என்பது சொல்லத் தகாத ஒன்றாகவும் வந்தது. நகல் பார்க்கிற அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"சார், மூலமே இப்படி இருந்தா நகலுக்கு நான் எங்க போறது? லீவு போட்டுட்டுப் போங்க."

சிதம்பரத்தில் என் மச்சான் இருக்கிறான், மனைவியின் தம்பி. அங்கே பல்லுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பிடுங்காமலே சரிபண்ணுவார்கள் என்று அவன் போனில் சொன்னான். கடலூரில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'பிடுங்காமலே' என்ற சொல்லுக்காக நான் காசிக்கே போயிருப்பேன். தாடையோடு சேர்த்துத் துண்டால் தலைக்கட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர், "யாரு தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார். வாய் திறக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் புதுச்சத்திரம் வரை எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்திருந்தேன். நீதிமன்றத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்த முன்யோசனைகூட இல்லையென்றால் எப்படி? ஒருவேளை பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய உறுதிமொழி. நானே எழுதியது. 'மேற்படி நபரின் இடது மேல் கடைவாய்ப் பல்லை அகற்றுவதால் அன்னாரின் கண்பார்வைக்கு யாதொரு பங்கமும் நேராது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். இப்படிக்கு.' கீழே சாட்சிக்கு இரண்டு கோடு.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. நான் நீட்டிய காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். சிரிக்கவில்லை. மேசையில் இருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"இது சம்மதப் படிவம் அங்கிள். இங்க நீங்கதான் எங்களுக்குக் கையெழுத்துப் போடணும்."

மச்சான் மட்டும் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

டாக்டர் துண்டை அவிழ்க்கச் சொல்லி என் வாயைத் திறந்து பார்த்தாள். கண்ணாடியால் அங்கே இங்கே தட்டினாள். எருக்கம்பால் விஷயத்தைச் சொன்னபோது மட்டும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். எக்ஸ்ரே பார்த்தாள். பல்லை எடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் அதற்கு முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று விரலில் ஊசியால் குத்தினாள். அந்தச் சின்ன மெஷினைப் பார்த்தவள் வேறு விரலைக் கேட்டாள். இரண்டாவது முறையும் முந்நூறைத் தாண்டியிருந்தது.

"உங்களுக்கு சுகர் எத்தன வருஷமா?"

"சுகரா? எங்க பரம்பரையிலயே கெடையாதும்மா" என்றேன், துண்டை மறுபடி கட்டிக்கொண்டே பெருமையாக. "எங்கப்பாவுக்கே இருந்ததில்ல. அவருக்குப் பல்லப் புடுங்குனதுல கண்ணுதான் போச்சு."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடிக்கடி தண்ணீர் குடிப்பாரா? குடிப்பார், கட்டிலடியில் சொம்பு காலியாகவே இருக்கும். ஒன்றுக்கு அடிக்கடி போவாரா? போவார். காலில் புண் வந்தால்? ஆறாது. செருப்புக் கடித்த புண் ஒன்று கடைசி வரை ஆறவில்லை. பல் ஒன்றுதான் ஆடியதா? இல்லை, நாலைந்து ஆடின. சர்க்கரை டெஸ்ட் எடுத்தீர்களா?

எடுக்கவில்லை.

"பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கு அங்கிள்" என்றாள்.

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். வீங்கின கன்னத்தோடு என்னால் முடிந்த அளவுக்கு வெற்றிப் புன்னகை. "பாத்தியா மச்சான்!"

"ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. சுகர் ஜாஸ்தியா இருந்தா ஈறும் கெடும், கண்ணும் கெடும். பல்லப் புடுங்குனதால உங்கப்பாவுக்குக் கண்ணு போகல. பல்லு ஆடுனப்பவே சுகர் பாத்திருந்தா, கண்ணக் காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. உங்களுக்கு இப்ப பாத்தாச்சு. மொதல்ல கண் டாக்டர்கிட்ட போங்க."

பிதிரார்ஜித சொத்து, அதாவது அப்பன் வழியில் வந்த சொத்து என்று ஆயிரம் தீர்ப்பில் படித்திருக்கிறேன். எனக்கு வந்தது என்ன என்று ஒரு சின்னப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் கடலூரில் சொட்டு மருந்து போட்டு என் கண்ணைப் பார்த்த டாக்டர், இப்போதைக்குப் பழுதில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், வருடம் ஒருமுறை தவறாமல் வாருங்கள் என்றார். அவர் காட்டிய பலகையில் கடைசி வரி வரைக்கும் நீதிமன்றக் குரலில் படித்தேன். போதும் சார், போதும் என்றார். சர்க்கரை இறங்கிய பிறகு சிதம்பரத்தில் பல்லை எடுத்தார்கள். உண்மையைச் சொல்வதானால் எறும்பு கடித்த அளவுதான். கண்ணைத் திறந்ததும் எதிரே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் ஓர் எழுத்துப்பிழை தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டாமல் வர முடியவில்லை.

இதையெல்லாம் சிரிப்பதற்காகத்தான் அலுவலகத்தில் சொல்வேன். புனலும் சீரகமும் எல்லோருக்கும் பிடிக்கும். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. இப்போது என் மனைவி சாயங்காலக் காபியைச் சர்க்கரை இல்லாமல் கொடுக்கும்போதெல்லாம் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆறவிடுகிறேன், கசப்பினால் அல்ல. அப்பா பார்வையில்லாமல் ஒன்பது வருடம் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அலுவலகம் விட்டு வந்ததும் அவருக்குக் காபி போடுவது என் வேலை. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பாவம், கண்ணுதான் இல்லை, வாயாவது இனிக்கட்டும் என்று நானாகத்தான் தினமும் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக் கொடுத்தேன்.