மாமனார் வரைந்த இரண்டு தோட்டங்கள்

என் பீரோவில் ஒரு பழுப்புத் தாள் இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவோமே, அந்தத் தாள்தான். மடிப்புகளில் நைந்து, ஓரங்களில் பூச்சி அரித்து, வேகமாக விரித்தால் கிழிந்துவிடும் நிலையில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கங்களிலும் என் மாமனார் பென்சிலால் காய்கறித் தோட்டம் வரைந்திருக்கிறார். கொல்லை ஒன்றுதான், தோட்டம் இரண்டு. இந்த மார்கழியில், மொட்டைமாடியில் நாலு தொட்டி வைக்கலாமா என்று மனைவி கேட்டபோது அதைத் தேடி எடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் குமாஸ்தா. ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. பின்னால் வீட்டைவிடப் பெரிய கொல்லை. மாமியார் இறந்த ஐப்பசியில், ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் தனியாகிப்போன மாமனாரை மனைவி வற்புறுத்தி அழைத்து வந்தாள். நில அளவை ஆபீஸில் நிலம் அளக்கும் செயினை இழுத்தே ஓய்வு பெற்ற மனிதர். தன் கயிற்றுக் கட்டிலோடு வந்து இறங்கினார். "உங்க வூட்டோட என் நடை முடிஞ்சுதுங்க மாப்பிள்ளை, இனிமே எங்கயும் நகர மாட்டேன்" என்று அன்று சொன்னதுதான் நீளமான பேச்சு. அப்புறம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில், மழை ஓய்ந்த கொல்லையில் கயிறும் முளைக்குச்சிகளுமாக நின்றார். எங்களைப் போன்றவர்கள் மண்ணைக் கொத்தி விதையைத் தூவிவிட்டு மீதியைக் கடவுளிடம் விட்டுவிடுவோம். அவர் தையில் விதைக்கப் போகும் தோட்டத்துக்கு மார்கழியிலேயே திட்டம் போட்டார். நாலு மூலைக்கும் அளந்து, வடக்குக்கு அம்புக்குறி போட்டு, பாத்திக்குப் பாத்தி எண் கொடுத்தார். எண் போதாதென்று உட்பிரிவு வேறு: 3-அ மிளகாய், 3-ஆ கத்தரி. ஆலைப் பக்கமிருந்து வரும் புழுதியை மறைக்க நீளமாக ஒரு புடலைப் பந்தல். "பாருங்க மாப்பிள்ளை, சித்திரையில பந்தலுக்குக் கீழ கட்டிலப் போட்டுப் படுத்துக்கலாம்" என்று தாளை நீட்டியபோது சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் சிரித்தது அன்றுதான். மனைவி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே வாரம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆந்திராவில் புதிதாகத் திறந்த ஆலை; மாசி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பாஷை தெரியாத ஊருக்கு வரமாட்டார், பூட்டிப்போட்ட ஊர் வீட்டுக்கே தனியாகத் திரும்பிவிடுவார் என்று இருவருக்கும் பயம். பொங்கல் கழியட்டும் என்றேன் நான். நீங்களே சொல்லுங்கள் என்றாள் அவள். தினமும் சாயங்காலம் அவர் தாளை விரித்துப் பந்தலைப் பற்றிச் சொல்வார்; நான் பூம்பூம் மாடு போலத் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மார்கழி நடுவில் எதிர்பாராமல் ஒரு மழை அடித்தது. பாத்திகளுக்கு அவர் சுண்ணாம்புத் தூளால் போட்டிருந்த கோடெல்லாம் கரைந்தது. இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தபோது, தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி வரைந்துகொண்டிருந்தார். "அளவு மாறிப்போச்சுங்க" என்றார். மழையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தை வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. பொங்கலுக்கு முன்பே விதைத்துவிட்டார். முளைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, முள்ளங்கி. மிளகாயையும் கத்தரியையும் காணோம். தை கடைசியில் தினமும் கீரையாகத் தின்று, "நாம என்ன ஆடா மாடா மாமா?" என்று கேலிகூடச் செய்தேன்.

மாசி பிறந்தும் நான் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவர் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாமா, ஒரு விஷயம்" என்று இழுத்தேன். அவர் முள்ளங்கியில் ஒட்டிய மண்ணை உதறினார்.

"மாத்தலத்தானே சொல்றீங்க? மார்கழியிலயே தெரியுமுங்க."

குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு மாற்றல் வந்தால், அந்த வீட்டுக்கு வரிசையில் நிற்பவர் முன்கூட்டியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. மழைக்கு மறுநாள், நான் ஆபீஸிலும் மனைவி ரேஷன் கடையிலும் இருந்தபோது, அடுத்து வரிசையில் இருந்த ஆலை டைம்கீப்பர் வேலிக்கு வெளியே நின்று, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, மாசியில் என்றைக்குக் காலி செய்கிறீர்கள் என்று இவரிடமே விசாரித்திருக்கிறார்.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே மாமா?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எங்களோடு வருவீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பின்பக்கம் தெரியும்படி கொடுத்தார்.

ஒவ்வொரு பாத்திக்கும் நேரே நாள் எழுதியிருந்தது. முளைக்கீரை இருபத்தைந்து, முள்ளங்கி நாற்பத்தைந்து. எல்லாமே நாங்கள் கிளம்புவதற்குள் தின்று முடிக்கக்கூடியவை. பந்தல் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது: 'புடலை — டைம்கீப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு.' அடியில் ஒரு கோடு கிழித்து, 'உடன் கொண்டுபோக வேண்டியவை' என்று ஒரு பட்டியல். மிளகாய் விதை. கத்தரி விதை. அளவுக் கயிறு. முளைக்குச்சி பன்னிரண்டு. கட்டில்.

மொட்டைமாடியில் தாளை விரித்ததும் மனைவி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, அந்தக் கடைசி வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. எத்தனை தொட்டி வாங்கட்டும் என்று மெல்லக் கேட்டேன்.

"மொதல்ல மாடிய அளங்க" என்றாள்.