மூன்றாவது டின்

உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகும் அந்த டின்களில் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. ஈர மண்ணைக் கொட்டியதும் இரண்டும் கலந்து ஒரு மாதிரி மணத்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருச்செங்கோட்டுப் பக்கம் மழையில்லாமல் போனதால் சேலத்துக்கு வந்து, ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கினார். ஐப்பசியில் ஒரு நாள், முளைவிட்டு ஒதுக்கிய உருளைக்கிழங்கு கொஞ்சம் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். காட்டு வேலையிலேயே வளர்ந்த அம்மாவுக்கு, ஒரு செடிகூட வைக்க முடியாத அந்த டவுன் வாழ்க்கை ஆகவே இல்லை. அந்த முளைகளைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

ஆனால் வீட்டுக்கார அம்மாவின் சட்டம் கடுமையானது. "எங்கூட்டு மண்ணுல ஆரும் கை வெக்கக் கூடாது." அம்மா யோசித்து, நாலு டின்களைச் சுவரோரம் வைத்தாள். "இது உங்க மண்ணு இல்லீங்க்கா, ஏரி மண்ணுங்க" என்றாள் பணிவாக. அந்த அம்மா டின்களைக் குனிந்து பார்த்தார். "மலைக் கெழங்கு இங்க வெளையுமா? பொங்கலுக்குள்ள கெழங்கு வரலீன்னா டின்னு தெருவுலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பாதி டின் வரை மண்ணும் எருவும் நிரப்பி, முளை மேலே பார்க்கும்படி வைத்தோம். செடி ஒரு சாண் எழும்பியதும் நுனி மட்டும் தெரியும்படி அம்மா மேலும் மண்ணைப் போட்டாள்; உயிரோடு புதைக்கிறாளே என்று பதறிப் போனேன். கத்தரிக்காய் என்றால் தொங்குவது கண்ணுக்குத் தெரியும். இதற்குள் என்ன நடக்கிறது? அப்பாவைக் கேட்டால், "மூட்டைக்குள்ள இருந்தா நாஞ் சொல்லுவேன், மண்ணுக்குள்ள இருக்கறத ஆரு கண்டா?" என்று சிரிப்பார்.

மார்கழியில் மூன்றாவது டின்னின் மண் கலைந்து கிடந்தது. அம்மா என் காதைத் திருகினாள். நான் இல்லை என்று அழுதும் நம்பவில்லை. நாள் முழுக்க டின்னடியில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே. இரண்டு நாள் கழித்து மறுபடி கலைந்தது, மறுபடி அடி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மத்தியானம், அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில், கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காவல் இருந்தேன்.

வந்தது வீட்டுக்கார அம்மா. குந்த வைத்து உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டுத் துழாவினார். நான் வெளியே வந்ததும் திடுக்கிட்டு, என் கையையும் பிடித்து உள்ளே நுழைத்தார்.

"சத்தம் போடாத அம்மிணி. இங்க தொடு."

கோலிக்குண்டு அளவில், வழுவழுப்பாக, சில்லென்று ஒன்று விரலில் பட்டது.

"கெழங்குதானுங்களா?"

"பின்னே? உங்கம்மாகிட்டச் சொல்லீராத. வெளையாதுன்னு சொன்னவ நானு."

நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாவுக்கு அவமானமாகிவிடும், அந்தக் கோபத்திலேயே டின்களைத் தெருவில் எறிந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

பொங்கலன்று, இலை பச்சையாக இருக்கும்போதே, அம்மா டின்களைக் கவிழ்த்தாள். மற்ற மூன்றிலும் நல்ல இளங்கிழங்கு, தோல் நகம் பட்டாலே உரிந்தது. மூன்றாவது டின்னில் மட்டும் நெல்லிக்காய் அளவில் நாலைந்து. "இவ தோண்டித் தோண்டியே கெடுத்துப்போட்டா" என்று அம்மா எல்லார் முன்னாலும் என் தலையில் குட்டினாள். வீட்டுக்கார அம்மா என்னைப் பார்க்காமல் கிழங்கையே பார்த்துக்கொண்டு, "வர்ற வருசம் கெணத்தடியில இன்னும் ரெண்டு டின்னு வெச்சுக்க" என்றார். அம்மா சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் சேலத்தில் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்போது அந்த இடத்தில் லாரிப் பட்டறை இருக்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள். உருளைக்கிழங்கு எல்லாத் தெருவிலும் குவிந்து கிடக்கிறது, அது மண்ணுக்குள் எப்படி வந்ததென்று என் பேரப்பிள்ளைகள் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா கடைசிவரை, கிழங்கு தோலுரிக்கும்போதெல்லாம், நான் டின்னைக் கெடுத்த கதையை வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. வீட்டுக்கார அம்மா செத்துப்போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் வாய் வரவில்லை. இப்போது அம்மாவும் இல்லை. நான் தோண்டவில்லை அம்மா, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.